சிரியம் வாசலில் கேட்ட பெயர்

வலது காலைத் தூக்கிவிட்டேன். கீழே வைக்க இடமில்லை.

எதிரே நிலைப்படி. அதன்மேல் அரிசி நிறைத்த பித்தளைச் செம்பு. அதைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு உள்ளே போனால் நான் அந்த வீட்டு மருமகள். தூக்கிய கால் தூக்கியபடி இருக்கும்போதே உள்ளிருந்து பெண்கள் கூட்டம் ஒன்று ஓடிவந்தது. கையோடு கை கோத்துக்கொண்டு வாசலை அடைத்துவிட்டார்கள். அதில் ஒரு குண்டுப் பெண் செம்பையே தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பேரு செப்பு! பேரு செப்பகுண்டா லோபலிகி ரானிவ்வமு!"

பேரைச் சொல்லு, சொல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று தெலுங்கில் கத்துகிறார்கள். அட, எவ்வளவு சுத்தமாகப் புரிந்தது எனக்கு! மாதக்கணக்காகப் படித்த படிப்பு வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"செல்லம்மா!" என்று கணீரென்று சொன்னேன்.

கொல்லென்று சிரிப்பு. "நீ பேரு காது! ஆயன பேரு!"

உன் பேர் இல்லை. அவர் பேர்.

என் பக்கத்தில் ஜரிகைத் தலைப்பாகையோடு நிற்கிறாரே, முந்தாநாள் எனக்குத் தாலி கட்டியவர், அவர் பேர். என் குதூகலம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. 

சிரிக்கிற கூட்டத்துக்குப் பின்னால் ஆரத்தித் தட்டோடு ஒரு பெண்மணி நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் என் மாமியார் நரசம்மா. அன்றுதான் முதன்முதலாக நான் அவளைப் பார்க்கிறேன். அவளும் என்னை.

மாவ்பி வாசகி கேட்ட கேள்வி

இத்தனை நாள் எழுதாததை இப்போது எழுத வைத்தவர் மாவ்பியிலிருந்து ஒரு வாசகி. "இவ்வளவு வாரமாகப் பத்திரிகையில் எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரர் பெயர் ஓரிடத்திலும் வரவில்லையே! அவருக்குப் பெயரே வைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டாரே ஒரு கேள்வி!

வீட்டுக்காரரிடமே இதைப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது. நான் எழுதுகிறதையெல்லாம் நானே படித்துக் காட்டினால்தான் உண்டு. வேண்டாததை விட்டுவிட்டுப் படிக்கிற சௌகரியம் எனக்கு. கேள்வியைக் காதில் வாங்கியவர் சிரித்துக்கொண்டே, "எழுதேன், ஒரு தரம் சொன்னவதானே" என்றார்.

ஒரு தரம்தான் சொன்னேன். அந்த ஒரு தரம் சொல்ல நான் பட்ட பாடு இருக்கிறதே!

அம்மாவின் எண்ணிக்கை

அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நான் ஏன் ஊமையாக நின்றேன் என்பது இந்தக் காலத்துப் பெண்களுக்குப் புரியாது. இப்போது புருஷனை "டார்லிங்" என்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காப்பி கேட்கிறார்கள். கேட்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

எங்கள் அப்பா பெயர் ஆறுமுகம். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் ரயில்வே லைன் வீடு எங்களுக்கு. அம்மா அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள் என்பது பெரிய விஷயமில்லை, அந்தக் காலத்தில் யார்தான் சொன்னார்கள். எங்கள் அம்மா "ஆறு" என்றே சொல்லமாட்டாள். கத்தரிக்காய் எண்ணும்போது, "நாலு, அஞ்சு, அதுக்கு மேல ஒண்ணு, ஏழு" என்பாள். முகம் என்று சொல்லமாட்டாள், மூஞ்சி என்பாள். முருகனைக் கும்பிடும்போதுகூட "அப்பனே" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ரங்கூன் ஆறு அவளுக்கு "அந்தப் பெரிய தண்ணி".

ஒருமுறை அம்மை குத்த வந்த முனிசிபல் குமாஸ்தா, வீட்டுக்காரர் பெயர் கேட்டார். பர்மாக்காரர், பாவம். அம்மா ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலை நீட்டி, அப்புறம் தன் மூஞ்சியைச் சுற்றிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, இந்த வீட்டில் ஆறு பேருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மருந்துப் பெட்டியோடு ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு தடவை சொல்லித் தொலைச்சா என்னடி?"

"சொன்னா உங்க ஆயுசுல ஒரு நாள் போச்சு. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

இந்த வீட்டில் வளர்ந்தவள் நான். தமிழ் பேசக் கற்றபோதே இதையும் கற்றேன்.

எந்தப் பாஷையில் சண்டை போடுவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடிய காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் சினேகிதர் ஒருவர் ஆற்றைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். விசாகப்பட்டணம் பக்கத்துத் தெலுங்குக்காரர். முன்பு அப்பாவோடு ஷெட்டில் வேலை பார்த்தவர், பிறகு சிரியத்தில் எண்ணெய் ஆலைக்கு மாறிப் போனார். இப்போது தன்லியின் என்று எழுதுகிறார்கள், எங்கள் வாய்க்கு அன்றும் இன்றும் சிரியம்தான். அங்கே வேலை நிலைத்த பிறகுதான் ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவந்தார்.

அந்தப் பிள்ளையும் வளர்ந்து, அதே ஆலையில் டின் அடிக்கும் கொட்டகையில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அப்பாவோடு வர ஆரம்பித்தார். வந்து, நான் கொடுக்கிற காப்பியைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தே கொடுப்பார். "காப்பி நல்லாயில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "குடிச்சு முடிச்சா கிளம்பச் சொல்லிடுவாங்களே" என்றார். அன்றைக்கு விழுந்தவள்தான்.

சாதி கீதி என்று இழுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்பாக்கள் இருவரும் ஒரே இஞ்சினுக்கு அடியில் படுத்து ஒரே கரியை மூஞ்சியில் அப்பிக்கொண்டவர்கள். எழுந்து வந்தால் எது யார் என்று எங்களுக்கே தெரியாது. பேச்சு சுலபமாக முடிந்தது. முடியாதது சிரியத்தில் இருந்தது.

நரசம்மா அத்தை ஆற்றைத் தாண்ட மாட்டாள். ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது ஏறினது முதல் இறங்குகிற வரைக்கும் வாந்தி. ரங்கூனில் இறங்கி சிரியத்துக்கு லாஞ்சில் போகும்போது மழைக்காற்றில் லாஞ்சு ஒருபக்கம் சாய்ந்து, பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு அலறியிருக்கிறாள். கரை ஏறியதும் மண்ணைத் தொட்டு, இனிமேல் தண்ணீரில் காலை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டாள். ஊருக்குப் போகவேண்டும் என்றால்கூட, "தரையில வழி இருந்தா சொல்லு" என்பாளாம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் போய் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது எங்களில் வழக்கமில்லை. ஆக, அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை.

அவள் சொல்லியனுப்பியதை மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவிடம் ஒப்பித்தார்.

"நீங்க அப்பனும் பிள்ளையும் காலையில சங்கு ஊதினா போயிடறீங்க, பொழுது சாய்ஞ்சு வர்றீங்க. பகலெல்லாம் ஒரே அடுப்படியில நானும் அந்த அரவப் பொண்ணும் ரெண்டு ஊமையா உக்காந்திருக்கணுமா? எந்தப் பாஷையில பேசறது? பேச்சு போகட்டும், எந்தப் பாஷையில சண்டை போடறது? அப்படின்றா, அண்ணா."

அரவம் என்றால் அவர்கள் வாயில் தமிழ்.

"முடிவா என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா.

"வாசலுக்கு வரட்டும், என்கூட என் பாஷையில பேசட்டும். பேசினா என் பொண்ணு, உள்ள வரலாம். வாயை மூடிக்கிட்டு நின்னா வந்த லாஞ்சுலயே ரெண்டு பேரும் திரும்பிப் போயிடட்டும், பிள்ளை ரங்கூன்லயே இருந்துக்கட்டும்னு சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான். தண்ணி விஷயத்துல பாத்தீங்கல்ல?"

அன்றைக்கு, கூட வந்த இவர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் காப்பி மிச்சமில்லை. அவர் குனிந்தபடியே சொன்னார்: "அம்மா எனக்காகத்தான் அந்தத் தண்ணியைத் தாண்டி வந்தாங்க. அவங்கள விட்டுட்டு இருக்க முடியாது. உன்னையும் விடமுடியாது. நீ எப்படியாவது பேசிடு."

"இவ்வளவுதானே? பேசிட்டாப் போச்சு!" என்றேன். திமிர்தான், வேறென்ன!

குழாயடிப் பள்ளிக்கூடம்

எங்கள் லைன் முழுக்க ஒரே குழாய். தண்ணீர் விடுகிற நேரத்தில் தமிழ்க் குடமும் தெலுங்குக் குடமும் வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே பிடித்தேன் சத்தியவதியை. என் வயசுதான் அவளுக்கும், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். அவள் புருஷன் தண்டவாளக் கூட்டத்தில் வேலைக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் காக்காயோடு பேசிக்கொண்டிருந்தவள். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். கூலி என்ன தெரியுமா? தினமும் நான் அவளுக்கு ஜடை பின்னிப் பூ வைக்க வேண்டும். பாடம் சொல்பவளின் ஜடை படிக்கிறவள் கையில். அதனால் வாத்தியார் அதிகம் அதட்ட முடியாது.

ஆகா, அந்த முதல் நாட்கள்! பாலு, ஊரு, கண்ணு, முக்கு, செவி. இதென்னடி, எங்கள் வீட்டுப் பிள்ளைகளே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லு என்பதற்கு "செப்பு" என்றாள் சத்தியவதி. அட, இது எங்கள் பழைய பாட்டில் எல்லாம் வருமே! வீட்டுக்கு "இல்லு". அதுவும் எங்களதுதான், இல்லம், இல்லாள் என்கிறோமே! நாங்கள் பெட்டியில் மடித்து வைத்துவிட்ட பட்டுப் புடவையை இவர்கள் தினப்படி குழாயடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு சொல் அகப்படும்போதும் தொலைந்த கம்மல் கிடைத்த மாதிரி கத்துவேன். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாளே எனக்குத் தெலுங்கு முழுக்க வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எல்லாத் தமிழுக்கும் ஒரு வால் வைத்தால் தெலுங்கு. வால் வைத்துப் பேசினேன், வைத்துப் பேசினேன், சத்தியவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தக்கார பாஷையில் அதுதான் ஆபத்து. பர்மியப் பேச்சு சுத்தமாக அந்நியம், பயந்து பயந்து ஒவ்வொரு சொல்லாகக் கற்கிறோம். தெலுங்கோ தெரிந்த மூஞ்சியோடு வந்து காலை வாரிவிடும். "நீள்ளு அவசரம்" என்று ஒருநாள் சொன்னாள். நான் குடத்தை வாரிக்கொண்டு தலைதெறிக்க ஓடி, வழுக்கி விழுந்து, முழங்கை தேய்ந்து, தண்ணீரோடு வந்து நின்றேன். தண்ணீர் தேவை என்பதைத்தான் சாவகாசமாகச் சொல்லியிருக்கிறாள். "எதுக்குடி இப்படி ஓடின?" என்கிறாள்!

அந்த விழுதலுக்கப்புறம் புத்தி வந்தது. வாலை விட்டேன், காதைத் திறந்தேன். ரிக்‌ஷாக்காரர்கள் தெலுங்கில் கூலிக்குச் சண்டை போட்டால் நின்று கேட்பேன். சந்தையில் தெலுங்குப் பெண்கள் பேரம் பேசினால் வாங்காத கருவாட்டுக்கு முன்னால் நானும் நிற்பேன். கடைக்காரி, கன்னம் நிறையத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மாக்காரி, "இந்தப் பொண்ணு தினம் மோந்து பாத்துட்டே போகுது" என்று அம்மாவிடம் கோள் மூட்டினாள். தூக்கத்தில் தெலுங்கு பேசினேனாம். அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

ஒன்று உண்மை. குழாயடியில் வேகமாக வருவது வசவுதான். ஒருநாள் எவளோ ஒருத்தி என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். யோசிக்கவேயில்லை, கடகடவென்று வந்தது பாருங்கள் தெலுங்கு! அவள் குடம், அவள் கை, அவளை வரிசையில் விட்டவர்கள் என ஒருவரையும் விடவில்லை. முடித்து மூச்சு வாங்கும்போது பார்த்தால், தெலுங்குப் பெண்கள் எல்லாம் வாய்பிளந்து நிற்கிறார்கள். சத்தியவதி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இனிமே நீ எங்க ஊர்க்காரிடி!"

அப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது. "இந்தத் தெலுகை உன் அத்தகிட்ட பேசிடாதே தாயே. அன்னிக்கே லாஞ்சு ஏத்திடுவா."

ஆகவே மரியாதைத் தெலுங்கு தொடங்கியது. எல்லாவற்றுக்கும் "அண்டி" சேர்க்க வேண்டும். ரண்டி, கூர்ச்சோண்டி, பாகுன்னாரண்டி. வாங்க, உட்காருங்க, நல்லா இருக்கீங்க. சத்தியவதி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, மாமியார் வேஷம் போடுவாள். உன் ஊர் எது, சமைப்பாயா, என் பிள்ளையை அடிப்பாயா என்று கேள்வி கேட்பாள். நான் கைகட்டி அண்டி அண்டி என்று பதில் சொல்வேன். எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராகிவிட்டேன்.

வாசலில் பேர் கேட்பார்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. மறைத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கல்யாணங்களில் அது எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் விளையாட்டு. எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

பெரிய தண்ணி

மழை விட்டபிறகு எங்கள் லைனிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம். அவர்கள் முறைப்படி சீரகமும் வெல்லமும் அரைத்து ஒருவர் உச்சியில் ஒருவர் வைத்தோம். எங்கள் முறைப்படி தாலி. இரண்டு பக்கமும் தங்கள் முறைதான் பெரிது என்று கொஞ்சம் முறைத்துக்கொண்டு, சாப்பாட்டில் சமாதானமானார்கள்.

கிளம்பும்போது அம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே என் காதில் சொன்னது ஒன்றே ஒன்று. "தெலுங்குல பேசு, தெலுங்குல சமை, என்ன வேணாப் பண்ணு. அவர் பேரை மட்டும் வாயில எடுத்துடாதே. நல்லா இருக்கணும் அவர்."

"சரிம்மா" என்றேன்.

படகுத்துறையில் மொஹிங்கா மீன்சாறு வாசனை, கரிப்புகை, கூச்சல். அலை எதிர்த்ததில் லாஞ்சு தாமதமாகத்தான் கிளம்பியது. கடைசி லாஞ்சு அது. சிரியம் போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். லாஞ்சை ஓட்டுகிற சாரங்கு ஒரு சிட்டகாங் கிழவர். மாலையும் கழுத்துமாக எங்களைப் பார்த்ததும் கூடுதலாக ஒரு ஊது ஊதினார். எனக்கு ஒரே பரபரப்பு. பெட்டிமேல் உட்கார்ந்து அண்டி அண்டி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிர்க்கரையில் ஆலையின் புகைபோக்கிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன, காற்றில் மண்ணெண்ணெய் வாடை ஏறியது.

"பயமா இருக்கா?" என்றார் அவர்.

"எனக்கென்ன பயம்? உங்கம்மாதான் பயப்படணும்" என்றேன். கை மட்டும் தானாக அவர் பக்கம் நகர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நட்டநடு ஆற்றில், அத்தனை பேருக்கு நடுவில்!

வாசல்

இறங்கி நடந்தால் கூப்பிடு தூரத்தில் வீடு. இப்போது மறுபடியும் அந்த வாசல்.

"ஆயன பேரு செப்பு!"

நான் விழிக்கிறதைப் பார்த்து, முதலில் அவரை என் பேரைச் சொல்லச் சொன்னார்கள். கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நேனு, மா செல்லம்ம வச்சாமு!" என்றார். நானும் எங்கள் செல்லம்மாவும் வந்திருக்கிறோம். என் பெயரை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். காதுமடல் சூடாகிவிட்டது. அதே மாதிரி நானும் சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான் வேலை.

சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் அம்மாவின் அழுத மூஞ்சி. சேர்த்து வைத்த ரண்டி, கூர்ச்சோண்டி எதுவும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. யாரோ பின்னாலிருந்து, "அரவ பிள்ளகி மாட்டலு ராவு" என்றாள். தமிழ்ப் பொண்ணுக்குப் பேச்சு வரலை.

அத்தை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேசத் தெரியும்னு சொன்னியேடா" என்றாள் மகனிடம், தெலுங்கில். குரல் உடைந்திருந்தது. "புருஷன் பேரைக் கேட்டாக்கூடப் புரியலையே அவளுக்கு. லாஞ்சு இன்னும் போகலை. கூட்டிட்டுப் போ."

"அம்மா, அதில்லம்மா, அவங்க வீட்ல..."

"போன்னு சொன்னேன்."

துறையில் லாஞ்சு ஊதியது. அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு மூஞ்சியை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். எனக்கு அழுகை வரவேண்டிய இடம். வந்தது கோபம்.

"ஏமனுகுன்னாவு!"

என்ன நினைச்சுக்கிட்ட நீ! அண்டியெல்லாம் ஆற்றோடு போயிற்று. குழாயடி இறங்கி வந்தது. அவ்வளவும் தெலுங்கில்தான், தமிழில் சொல்கிறேன்:

"எனக்கா புரியல? பேர் தெரியாமயா உன் பிள்ளை பின்னாடி இத்தனை தண்ணியைத் தாண்டி வந்தேன்? மாசக்கணக்கா அந்தப் பேரை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லித் தேய்ச்சு வெச்சிருக்கேன்! வாய்விட்டுச் சொன்னா புருஷன் ஆயுசு குறையும்னு வளர்த்திருக்காங்க என்னை. வந்த அன்னிக்கே உன் பிள்ளை ஆயுசுல கைவெச்சுட்டு உள்ள வரணுமா? பெத்தவதானே நீ? நீயே சொல்லு, குறைக்கட்டுமா? குறைக்கட்டுமான்னு கேக்கறேன்! எங்க, நீ சொல்லு பாப்போம் உன் புருஷன் பேரை! நீ சொன்னா நானும் சொல்றேன். இல்லேன்னா வழிய விடு, ஒத்தைக் கால்ல எவ்வளவு நேரம் நிப்பேன்!"

குண்டுப் பெண்ணின் இடுப்பிலிருந்து செம்பு நழுவி அரிசி கொஞ்சம் சிதறியது.  அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை இரண்டடி முன்னால் வந்தாள். கோத்த கைகள் தாமாகப் பிரிந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தத் தெலுகை எங்க கத்துக்கிட்ட?"

"குளாயி தக்கர." குழாய்கிட்ட.

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அடி பைத்தியமே, நாங்க மட்டும் தினம் சொல்றோமா? எங்கள்லயும் யாரும் சொல்லமாட்டோம். இந்த வாசப்படியில இந்த ஒரு நாள்தான். இங்க சொன்னா குறையாது, கூடும்."

அப்புறம் என் தோளுக்கு மேல் பார்த்தாள். பின்னால் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களோடு லாஞ்சில் வந்த மாமனார் நின்றுகொண்டிருந்தார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரிக் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அப்பலசாமி."

மாமனார் பெட்டியைப் போட்டுவிட்டார். "நீ கல்யாணமாகி வந்த அன்னிக்குச் சொன்னது, அப்புறம் இப்பதான்" என்று முனகினார். அவர் வெட்கப்பட்டதைப் பார்த்துப் பெண்கள் கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

"நான் சொல்லிட்டேன். இப்ப நீ" என்றாள் அத்தை.

மூச்சை இழுத்தேன். அம்மா, மன்னிச்சுக்கோ என்று மனதுக்குள் சொன்னேன். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அவளுக்கே கேட்டுவிடும் போலக் கத்தினேன்.

"நேனு, மா ஆயன, சிம்மாசலம் வச்சாமு!"

சிம்மாசலம்! மாவ்பி வாசகியே, போதுமா? துறையிலிருந்த சாரங்குக் கிழவருக்கும் கேட்டுவிட்டது, இன்னொரு நீள ஊது ஊதிவிட்டு லாஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆயுசு குறைந்ததா என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். குண்டு விழுந்த காலம் வந்தது, ஓடினோம், ஒளிந்தோம், விஷக்காய்ச்சல் வந்தது, எல்லாம் போயிற்று. தலை முழுக்க வெள்ளையாக, இதை எழுதும் என் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியில் ஒரு வாய் மிச்சம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று குண்டுப் பெண் அரிசிச் செம்பைத் திரும்ப வாசலில் வைத்தாள். ஆரத்தி சுற்றினார்கள். மரத்துப்போன காலைத் தூக்கிச் செம்பைத் தள்ளினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள வா. மிச்சச் சண்டையை உள்ள வெச்சுக்கலாம்."